நூற்றுப் பதின்மூன்றாவது மூடி

குளச்சல் துறைக்கு இந்தப் பக்கம்
வள்ளம் ஏறாத ஆள் நான்.
ஐஸ் பிளாண்டில் ராத்திரி ஷிப்டு.

உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள்
இருநூற்று எண்பது தகரக் கேன்கள்
கழுத்துவரை முங்கி நிற்கும்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பலகை மூடி
இருக்கவேண்டும் என்பது கணக்கு.
பாதி உளுத்தது, மீதியில் பாதி காணாமல் போனது.
மூடி இல்லாத இடத்தில் சாக்கு.
சாக்கும் இல்லாத இடத்தில்
வெள்ளையாய் எழும்பிக்கொண்டிருந்தது
நாங்கள் காசு கொடுத்து வாங்கிய குளிர்.

கம்பிரஸர் நிற்கவே நிற்காது.
பதினோரு வருடம் அதன் இரைச்சலில்தான் சோறு தின்றேன்.
பிள்ளைக்கு ஹெலன் என்று வைக்கலாமா என
ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி கேட்டபோது
"எந்தா? என்ன பேரு?" என்று
மூன்று தடவை கத்தினேன்.

பில் வரும் நாளில்
அசன்கண்ணு முதலாளி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான்
கவரைப் பிரிப்பார்.

நாகர்கோவிலிலிருந்து ஆடிட்டர் வந்தாள், ஜெஸ்லின் ஷைபா.
பணத்தை அல்ல, கரண்டைத் தணிக்கை செய்கிறவள்.
நான் கம்பிரஸரைக் காட்டினேன்:
பழசு, மாத்தணும், வேற வழியில்ல.
முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார்.
அவள் அதைப் பிறகு பார்க்கலாம் என்று
தொட்டிமேல் ஏறி
சூடு பார்க்கும் கேமராவை நீட்டினாள்.
திரையில் சாக்கு இடுக்கெல்லாம் நீலம்,
வெட்டுப்பட்ட ஞரம்பு மாதிரி.

"ஆரல்வாய்மொழிக் கணவாயில
அம்மாம்பெரிய காத்தாடி சுத்தி
கம்பி வழியா வருது அண்ணே, காத்து.
நீங்க இந்த ஓட்டையில
திரும்ப விட்டுட்டு இருக்கீங்க."

அறிக்கை நாற்பத்தொரு பக்கம்.
மூன்று மாதம் மேசையில் கிடந்து
டீ கிளாஸின் வட்டங்களை வாங்கிக்கொண்டது.

ஜூன் ஒன்று. தடைக்காலம்.
விசைப்படகு கரையில், ஐஸுக்கு ஆள் இல்லை.
கொட்டில்பாட்டில் பைபர் வள்ளத்துக்கு
ஒட்டுப் போடும் சூசைநாயகமும்
வேலையில்லாமல் இருந்தான்.
நடுவில் ஃபோம், இருபுறமும் பைபர்:
கடல் புகாததில் காற்று புகுமா?
ஒரு மூடி செய்து காட்டினான்.
முதலாளி அதன்மேல் ஏறி நின்று பார்த்தார்,
குதித்தும் பார்த்தார்.
பிறகு இருநூற்று எண்பது.

கண்டன்சர் குழாயில் விரல்கனம் சுண்ணாம்பு.
சுரண்டியது நான்தான்.
ரெண்டு வாரம் தலைமுடியெல்லாம் வெள்ளை,
ஹெலன் என்னைப் பார்த்து அழுதாள்.

ஆகஸ்டு முதல் வாரம், ராத்திரி மூன்று மணி,
கம்பிரஸர் நின்றது.

விழுந்தடித்து ஓடினேன்.
பியூஸ் இருந்தது. லைட் எரிந்தது. பெல்ட் அறவில்லை.
தொட்டியில் மைனஸ் பத்து.
போதும் என்று நின்றிருக்கிறது.
போதும் என்ற ஒன்று
அதற்குத் தெரியும் என்பதே
எனக்குத் தெரியாது.

கை நடுக்கம் அடங்கி நின்றபோது
சுவருக்கு அப்புறம்
யாரோ ஈரப்பாயை உதறுவதுபோல் ஒரு சத்தம்.
உதறி, கொஞ்சம் நிறுத்தி, திரும்ப உதறி.
கடல்.
இருநூறு அடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

அந்த மாதக் கவரை முதலாளி
கண்ணாடியோடு பிரித்தார்.
ஐந்தில் ஒரு பங்கு குறைவு.
ஒன்றும் சொல்லவில்லை.
மிச்ச ஃபோமை எங்கே வைத்தாய்
என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் விடியற்காலம் நாலரைக்கு
லோடு ஏற்றும் பையன்கள் வருவார்கள்.
கட்டியை உருவியெடுத்து
மூடியை ஓரமாய்த் தள்ளிவிட்டு
வண்டிக்கு ஓடுவார்கள்.
நேற்று நூற்றுப் பதின்மூன்று திறந்தே கிடந்தது.

"லே பிபின், மூடிட்டுப் போ மக்கா!
வீட்டு பிரிட்ஜை இப்படித்தான் தொறந்து போடுவியா?"

"எங்க வீட்ல பிரிட்ஜே கிடையாதுண்ணே"
என்றான், தோளில் ஐஸ் சொட்டச் சொட்ட.

நானே மூடினேன்.